நம்மை நோக்கியும் ஒரு கேள்வி
அயோத்திதாசர் காலச் சிந்தனையாளர்களும் விமர்சனத்தின் அறமும்



பண்டிதர் அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவைக் கோபாலபுரத்தில் நடத்துவது பொருத்தமானது. கோபாலபுரம் என்றதும் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் ஒரு வீடு நினைவுக்கு வரும். இங்கிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பத்திரிகை நடந்தது பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. இந்த அரங்கைவிட்டு வெளியே வந்து, பழைய லாயிட்ஸ் சாலையாகிய அவ்வை சண்முகம் சாலையைத் தாண்டிப் போனால் ராயப்பேட்டை. 1907 ஜூன் 19 அன்று அங்கிருந்துதான் நான்கு பக்கங்களோடு, காலணா விலையில் 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. அடுத்த ஆண்டு அதன் பெயர் 'தமிழன்' ஆயிற்று. 1898இல் பண்டிதர் தொடங்கிய சாக்கைய பௌத்த சங்கமும் ராயப்பேட்டையை மையமாகக் கொண்டுதான் இயங்கியது.

அந்தப் பத்திரிகையின் ஒரு பக்கத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அதற்கு முன் என் தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வாசிப்பு வட்டத்தை நான் நெறிப்படுத்திக்கொண்டிருந்தேன். அயோத்திதாசர் சிந்தனைகள் தொகுப்பைப் பகுதி பகுதியாகப் படித்துப் பேசுவது எங்கள் திட்டம். ஒரு நாள் கல்லூரி மாணவர் ஒருவர் எழுந்தார். கையில் தொகுப்பு இருந்தது. அதன் நடுவே ஒரு பேருந்துச் சீட்டை அடையாளத்துக்கு வைத்திருந்தார். தான் அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்தவன் என்று சொல்லிவிட்டு, "ஐயா, இந்தப் பக்கத்தில் எங்களைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறாரே, இதை நான் எப்படிப் படிப்பது?" என்று கேட்டார். "அந்தக் காலச் சூழலை வைத்துப் பார்க்கணும் தம்பி. இன்றைக்கு நேரமில்லை, பிறகு பேசலாம்" என்றேன். நேரம் இருந்தது. தேநீர் குடித்துக்கொண்டு அதன்பிறகும் அரை மணி நேரம் வேறு எதையெதையோ பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை.

அன்று நான் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இந்த உரையில் சொல்ல முயல்கிறேன். அதற்குக் கொஞ்சம் வரலாற்றுக்குள் போய் வர வேண்டும். நம் முன்னோர்களில் பல வகைச் சிந்தனையாளர்கள் இருந்தார்கள். அவர்கள் எப்படிச் சிந்தித்தார்கள், ஒருவரோடு ஒருவர் எப்படி மாறுபட்டார்கள் என்று பார்த்தால், விமர்சனம் செய்கிறவருக்கு என்ன அறம் வேண்டும் என்பது ஓரளவு தெளிவாகும்.

1. அவையில் கேட்டவர்

1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்துக்கு நீலகிரியிலிருந்து ஒரு பிரதிநிதியாக அயோத்திதாசர் வந்தார். பொதுமக்கள் நலம் பேசுகிற சபை அது. விஷ்ணு கோயிலுக்குள்ளும் சிவன் கோயிலுக்குள்ளும் எங்கள் மக்களை ஏன் விடுவதில்லை என்று அங்கே கேட்டார். அவையில் கூச்சல் எழுந்தது. உங்களுக்குத்தான் மதுரை வீரனையும் காட்டேரியையும் கருப்பண்ணனையும் கொடுத்திருக்கிறோமே, சிவனும் விஷ்ணுவும் உங்கள் தெய்வங்கள் அல்ல என்று பதில் வந்தது. அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம் என்றார் பண்டிதர். எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வியும், தரிசாகக் கிடக்கும் நிலமும் கொடுக்கச் செய்யுங்கள் என்று கோரிக்கையை மாற்றினார். இதைப் பின்னாளில் அவரே 'தமிழன்' இதழில் எழுதிவைத்திருக்கிறார்.

இந்த நிகழ்ச்சியைச் சூடான பதிலடியாக நாம் மேடைகளில் சொல்கிறோம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கேட்ட இடத்திலேயே அவர் தன் கேள்வியைப் பரிசோதித்தார். மறுப்பு வந்ததும், மறுக்கப்பட்ட பொருள் உண்மையில் தேவையா என்று யோசித்தார். தேவை எது என்று பார்த்துப் பள்ளிக்கூடத்துக்கும் நிலத்துக்கும் வந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்றுதான், செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து, பஞ்சமி நிலம் என்று நாம் அழைக்கும் நிலங்களுக்கான 1010ஆம் எண் அரசாணை பிறந்தது. நிலம் பற்றிய கேள்வி அன்று காற்றில் இருந்தது. அதைச் சரியாகப் பிடித்தவர்களில் பண்டிதர் ஒருவர்.

2. மனு எழுதியவர்

அடுத்த ஆண்டு, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற பெயரில் பத்திரிகை தொடங்கினார். முதல் இதழின் 400 பிரதிகள் இரண்டு நாளில் விற்றதாகத் தம் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் குறிப்பிடுகிறார். இவரும் பண்டிதரும் உறவினர்கள். பண்டிதர் மணந்தது சீனிவாசனின் தங்கையை. ஆனாலும் பத்திரிகையின் பெயரிலேயே இருவரும் எதிரெதிராக நின்றார்கள். இழிவாகச் சொல்லப்படும் பெயரை நாமே தலை நிமிர்ந்து சொல்லி முன்னே வந்தால்தான் உரிமை கிடைக்கும் என்பது சீனிவாசனின் நிலை. அது பகைவர்கள் நம்மீது சுமத்திய பெயர், அதை ஏற்பது அவர்கள் எழுதிய வரலாற்றை ஏற்பதாகும் என்பது பண்டிதரின் நிலை. அந்த விவாதம் இன்றும் முடியவில்லை.

சீனிவாசன் வேறு வகைச் சிந்தனையாளர். ஒரு கோரிக்கை மேடையில் எப்படி ஒலிக்கிறது என்பதைவிட, அது நிறைவேறினால் நாற்காலியில் யார் உட்காருவார் என்று பார்ப்பவர். ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தோடு சேர்த்து இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்பது அந்நாளில் காங்கிரசின் பெரிய கோரிக்கை. கேட்க நியாயமாகவே இருக்கும். பள்ளிக்கூடத்தின் வாசலையே மிதிக்க விடாத நாட்டில் அந்தத் தேர்வை எழுதப்போவது யார், எழுதி அதிகாரியாகி நம் சேரிக்கு வரப்போவது யார் என்று சீனிவாசன் கேட்டார். 1893 டிசம்பரில் கூட்டம் கூட்டி, அதை எதிர்த்து 3,412 பேரின் கையொப்பத்தோடு 112 அடி நீள மனுவை இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்.

அதற்காக அவரைத் தேசத்துரோகி என்று சொன்னவர்கள் உண்டு. அவருடைய முடிவை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். அவர் எழுப்பிய கேள்வி விமர்சனச் சிந்தனையின் அடிப்படைக் கேள்வி. எல்லோருக்கும் நல்லது என்று சொல்லப்படும் ஒன்றைக் கண்டால், அந்த 'எல்லோரில்' யார் இல்லை என்று தேடுவது. இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் நம்மிடமே அது திரும்பி வரும்.

3. நினைவைத் தோண்டியவரும் நிரூபணம் கேட்டவரும்

1898இல் ஆல்காட்டோடு இலங்கைக்குச் சென்ற பண்டிதர், கொழும்பு வித்யோதயப் பிரிவேணாவில் சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பினார். அதே காலத்தில் சென்னையில் பௌத்தம் பேசிய இன்னொருவர் பேராசிரியர் பொ. லட்சுமி நரசு. கல்லூரியில் அறிவியல் கற்பித்தவர். 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அதே 1907இல், பௌத்தத்தின் சாரம் பற்றிய அவருடைய ஆங்கில நூல் வெளிவந்தது. 1922இல் சாதி பற்றித் தனி நூலே எழுதினார். இருவரும் புத்தரைச் சேர்ந்தவர்கள், இருவரும் சாதியை எதிர்த்தவர்கள். சிந்திக்கும் முறையில் இருவருக்கும் பெரிய தூரம் இருந்தது.

நரசுவுக்குப் பகுத்தறிவுதான் அளவுகோல். பௌத்தத்திலேயே அற்புதக் கதைகளும் சடங்குகளும் இருந்தால் அவற்றை ஒதுக்கிவிட்டு, அறிவுக்கு நிற்கும் பகுதியை எடுத்துக்கொள்வார். பரம்பரையாக வந்தது, நூலில் உள்ளது, ஆசிரியர் சொன்னது என்பதற்காக மட்டும் எதையும் ஏற்காதே என்று காலாமர்களுக்குப் புத்தர் சொன்னதை அப்படியே கடைப்பிடித்தவர் என்று சொல்லலாம்.

பண்டிதர் செய்தது வேறு வேலை. ஒரு மக்கள் கூட்டத்தின் வரலாறு பகைவர் கையால் எழுதப்பட்டிருக்கிறது. அவர்களுடைய ஏடுகள் அழிந்துவிட்டன அல்லது வேறு பெயரில் வேறொருவர் வீட்டில் இருக்கின்றன. இந்த நிலையில் நிரூபணத்தை எங்கே தேடுவது? நிகண்டில் தேடினார். இலக்கணத்தில், சமண பௌத்த நூல்களில், பண்டிகையில், பழமொழியில், பாட்டி சொன்ன கதையில் தேடினார். 'இந்திரர் தேச சரித்திரம்' எழுதி, ஐம்புலன்களை வென்ற புத்தரே இந்திரர், இந்த நாட்டின் பெயரே அவரிடமிருந்து வந்தது என்றார். யதார்த்த பிராமணர், வேஷ பிராமணர் என்று பிரித்து, பிறப்பால் வந்த உயர்வை வேடம் என்று நிறுவப் பார்த்தார். திருக்குறள் ஓலைச்சுவடியைத் தம் பாட்டனார் கந்தப்பன்தான் எல்லிஸ் துரையின் சங்கத்துக்குக் கிடைக்கச் செய்தார் என்பதையும் எழுதிவைத்தார். வெள்ளைக்காரர் வீட்டுச் சமையல்காரர் ஒருவரிடம் குறள் ஏடு இருந்தது என்ற ஒரு செய்தியே, யார் கல்வியற்றவர் என்ற கதையை ஆட்டிவிடுகிறது.

அவருடைய சொற்பிறப்பு விளக்கங்கள் எல்லாம் இன்றைய மொழியியலில் நிற்குமா? பல நிற்காது. இதைச் சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை. ஊகம் எது, சான்று எது என்று அவர் எல்லா இடங்களிலும் பிரித்துக் காட்டவும் இல்லை. அதே சமயம், எல்லாச் சான்றையும் எரித்துவிட்டு வந்து சான்று காட்டு என்று கேட்பவர்களுக்கு முன்னால் நின்று எழுதியவர் அவர் என்பதையும் மறக்க முடியாது. நரசு 'இது உண்மையா' என்று கேட்டார். பண்டிதர் 'இதை எழுதியது யார், விட்டுப்போனது யாருடைய கதை' என்று கேட்டார். முதல் கேள்வி இல்லாவிட்டால் நாமும் புராணம் எழுதத் தொடங்கிவிடுவோம். இரண்டாம் கேள்வி இல்லாவிட்டால் எழுதப்பட்ட புராணத்தை வரலாறு என்று நம்பிவிடுவோம்.

இந்த இரண்டையும் ஒருவரே சேர்த்துக் கேட்டதற்கு எடுத்துக்காட்டு அம்பேத்கர். 1948இல் தீண்டப்படாதார் யார் என்று நூல் எழுதியபோது, பௌத்தத்துக்கும் தீண்டாமைக்கும் உள்ள தொடர்பைப் பண்டிதரைப் போலவே அவரும் பேசினார். ஆனால் முன்னுரையிலேயே, நேரடிச் சான்று இல்லாத இடங்களை ஊகத்தால் இணைத்திருப்பதை மறைக்காமல் சொல்லி, அப்படிச் செய்ய ஆய்வாளருக்கு எந்த அளவுக்கு உரிமை உண்டு என்றும் விவாதித்தார். அதே 1948இல் நரசுவின் பௌத்த நூல் மறுபதிப்பு வந்தபோது அதற்கு முன்னுரை எழுதிப் பாராட்டியவரும் அவர்தான்.

4. நிலையை மாற்றிக்கொண்டவர்

எம்.சி. ராஜாவின் பெயரைச் சொன்னால் நம் கூட்டங்களில் ஒரு சங்கடம் எழும். 1920இல் சென்னைச் சட்டசபைக்குள் நுழைந்தவர். பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் என்று வழங்கும் தீர்மானத்தை 1922இல் கொண்டுவந்தவர். அவரே 1932இல் மூஞ்சேவோடு ஒப்பந்தம் செய்து, தனித்தொகுதி கேட்ட அம்பேத்கருக்கும் சீனிவாசனுக்கும் எதிராகக் கூட்டுத் தொகுதியை ஆதரித்தார். நம்மில் பலர் அந்த ஆண்டோடு அவர் வாழ்க்கையை முடித்துவிடுகிறோம்.

அவர் அதற்குப் பிறகும் வாழ்ந்தார். 1938இல் சென்னைச் சட்டமன்றத்தில் கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்தார். யாரை நம்பி 1932இல் கையெழுத்திட்டாரோ அந்தக் காங்கிரசின் அரசு, ராஜாஜியின் தலைமையில், அதை ஆதரிக்கவில்லை. மசோதா தோற்றது. காந்திக்கு எழுதினார். ராஜாஜியை நம்புங்கள் என்று பதில் வந்தது. 1942இல் கிரிப்ஸ் தூதுக்குழு வந்தபோது, ஒடுக்கப்பட்டோருக்காக அம்பேத்கரோடு சேர்ந்து போய் கிரிப்சைச் சந்தித்தவர் ராஜா. அடுத்த ஆண்டு இறந்தார்.

பத்து ஆண்டுகளில் அவர் நடந்து வந்த தூரம் பெரியது. அனுபவம் தன் முடிவைப் பொய்யாக்கியபோது, பழைய முடிவைக் கட்டிக்கொண்டு நிற்காமல் முன்பு எதிர்த்தவரின் பக்கத்தில் போய் நிற்க ஒரு துணிச்சல் வேண்டும். ஒரு மனிதரை ஒரே தேதியில் நிறுத்திவைத்துத் தீர்ப்பு எழுதுவது எளிது. அப்படி எழுதுவதை விமர்சனம் என்று சொல்லக்கூடாது.

5. எதிராளிக்கு இடம் கொடுத்தவர்

சாதியை அழித்தொழிப்பது பற்றிய அம்பேத்கரின் உரை மேடையில் ஆற்றப்படவே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். 1936இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் அவரை அழைத்தது. உரையில் சில பகுதிகளை மாற்றச் சொன்னது. அவர் மறுத்ததும் மாநாடே நின்றுபோனது. தன் செலவில் அச்சிட்டு வெளியிட்டார். காந்தி 'ஹரிஜன்' இதழில் அதை விமர்சித்து எழுதினார். மறுபதிப்பு வந்தபோது காந்தியின் விமர்சனத்தை முழுதாகத் தன் புத்தகத்திலேயே சேர்த்து, அதன்பிறகு தன் பதிலைச் சேர்த்தார் அம்பேத்கர்.

இதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். எதிராளி சொல்லாததைச் சொன்னதாக எழுதி அடிப்பது நம் காலத்தில் அன்றாடப் பழக்கம். இவரோ தன் வாசகர் கையிலேயே எதிராளியின் வாதத்தை முழுதாகக் கொடுத்து, இரண்டையும் படித்துவிட்டு நீயே முடிவு செய் என்கிறார். தன் வாதத்தின் மீது நம்பிக்கை இருப்பவரால்தான் அது முடியும். வாசகர் மீது மதிப்பும் வேண்டும்.

6. அந்தப் பக்கம்

இப்போது அந்த மாணவர் அடையாளம் வைத்த பக்கத்துக்கு வருகிறேன்.

'தமிழன்' இதழில் பண்டிதர் ஒரு பிரிவினை செய்கிறார். பகைவர்களால் தாழ்த்தப்பட்டவர்கள் வேறு, இயல்பிலேயே தாழ்ந்தவர்கள் வேறு என்கிறார். பௌத்தர்களாக இருந்து, பௌத்தத்தைக் கைவிடாததால் வேஷ பிராமணரின் பகைக்கு ஆளாகி, பறையர் என்று இழிவுபடுத்தப்பட்டவர்களை முதல் வகையில் வைக்கிறார். இன்று அருந்ததியர் என்று நாம் அழைக்கும் மக்களையும், குறவர்களையும், தோட்டி வேலைக்குத் தள்ளப்பட்டவர்களையும் இரண்டாம் வகையில் வைக்கிறார். எல்லோரையும் பஞ்சமர் என்று ஒரே பெயரில் சேர்ப்பதை எதிர்க்கவும் செய்கிறார்.

இதை எப்படிப் படிப்பது? நான் அன்று சொன்ன 'அந்தக் காலச் சூழல்' என்ற பதில் போதாது. அதே காலச் சூழலில் வாழ்ந்த மற்றவர்களிடம் அந்தச் சலுகையை நாம் காட்டுவதில்லை. 1892இல் அந்த அவையில் கூச்சலிட்டவர்களும் அந்தக் காலச் சூழலில்தான் இருந்தார்கள். அவர்களை அளக்க ஒரு கோலும், நம் முன்னோரை அளக்க ஒரு கோலும் வைத்துக்கொள்ள முடியாது.

என்ன நடந்தது என்று விளங்கிக்கொள்ள முயலலாம். பண்டிதரின் வரலாற்றுத் திட்டத்துக்கு ஒரு மையம் உண்டு. நாங்கள் முன்பு கல்வியிலும் ஒழுக்கத்திலும் உயர்ந்திருந்தோம், சூழ்ச்சியால் வீழ்த்தப்பட்டோம் என்பது அது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு இது எவ்வளவு பெரிய பலத்தைக் கொடுத்தது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால், நாங்கள் உயர்ந்திருந்தோம் என்று நிறுவுவதில் ஒரு பொறி இருக்கிறது. உயர்வு தாழ்வு என்ற ஏணி அப்படியே இருக்கிறது. அதில் நம் படி மட்டும் மாறுகிறது. அநியாயமாகத் தள்ளப்பட்டவர்கள் நாங்கள் என்று சொல்லும்போது, நியாயமாகவே கீழே இருப்பவர்கள் என்று இன்னொருவரைக் காட்ட வேண்டிய கட்டாயம் தானாகவே வந்துவிடுகிறது.

இந்தப் பொறியைக் காட்டும் கருவியையும் நம் முன்னோர்தான் கொடுத்தார். சாதி என்பது வெறும் ஏற்றத்தாழ்வு அன்று, படிப்படியான ஏற்றத்தாழ்வு என்றார் அம்பேத்கர். ஒவ்வொரு படியில் நிற்பவருக்கும் கீழே ஒருவரைக் கொடுத்து, அந்தச் சிறு பெருமையாலேயே அவரை அமைப்பைக் காக்க வைக்கிறது சாதி. அந்தப் பக்கத்தில் நடந்தது இதுதான். சாதியின் உச்சியை அவ்வளவு கூர்மையாகப் பார்த்த கண், தனக்குக் கீழே என்று நினைத்த திசையில் பார்க்கத் தவறியது. சீனிவாசனின் கேள்வியை இங்கே கேட்டால் பதில் கிடைக்கும். பண்டிதர் சொன்ன 'நாம்' என்பதில் யார் இல்லை?

இல்லாமல் போனவர்கள் சும்மா இருக்கவுமில்லை. அதே சென்னையில் எல்.சி. குருசாமி போன்ற அருந்ததியர் தலைவர்கள் பள்ளிகள் நடத்தினார்கள், சட்டசபையில் பேசினார்கள். நம் மேடைகளில் அவர்களுக்கு நினைவுச் சொற்பொழிவு எத்தனை நடந்திருக்கிறது என்று நானும் உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்கிறேன்.

இது பழைய கதை மட்டும் இல்லை. 2009இல் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் உள் ஒதுக்கீடு சட்டமானது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், இப்படி உட்பிரிவு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்றது. இதை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஒற்றுமை உடையும் என்ற அச்சம் பேசப்பட்டது. அந்த அச்சத்தில் உண்மையும் இருக்கலாம். ஆனால் 'இப்போது கேட்டால் ஒற்றுமை கெடும்' என்ற வாக்கியத்தை நாம் எங்கே முதலில் கேட்டோம்? தேசிய இயக்கம் நம்மிடம் சொன்னது. வர்க்க இயக்கம் சொன்னது. மொழியின் பெயரால் திரண்டவர்கள் சொன்னார்கள். நாங்கள் இருக்கும் ஒற்றுமை எது, இல்லாத ஒற்றுமை எது என்று நாம் திருப்பிக் கேட்டோம். அதே கேள்வி நம்மிடம் வரும்போது நேரமில்லை என்று சொன்னவன் நான்.

7. காத்துக்கொடுத்தவர்கள்

கடைசியாக இன்னொரு வகையினரைச் சொல்ல வேண்டும். அவர்களை நாம் சிந்தனையாளர் பட்டியலில் சேர்ப்பதில்லை.

1914 மே 5 அன்று பண்டிதர் மறைந்தார். அதன்பின் அவர் மகன் பட்டாபிராமன் கொஞ்ச காலம் இதழை நடத்தினார். 1926இல் கோலார் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு 'தமிழன்' மீண்டும் வந்தது. சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் அதற்கு வாசகர்கள். மாரிகுப்பத்திலும் இரங்கூனிலும் நேட்டாலிலும் இருந்தவர்கள் அதைப் படித்தார்கள், சந்தேகம் கேட்டு எழுதினார்கள், பதிலை அச்சில் பார்த்தார்கள். பிறகு பல பத்தாண்டுகள் தமிழ் இதழியல் வரலாறும் திராவிட இயக்க வரலாறும் அந்தப் பெயரைப் பெரும்பாலும் மறந்திருந்தன. தங்கவயலின் தொழிலாளர் குடும்பங்கள் பழுப்பேறிய இதழ்களைப் பெட்டிகளில் வைத்திருந்தன. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் தேடிச் சேர்த்தார்கள். அந்தச் சேகரிப்புகளிலிருந்து ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வந்தது. அஞ்சல்தலையும் மணிமண்டபமும் எல்லாம் அதன் பிறகு வந்தவை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இதழ்களைக் காத்தவர்களும் தொகுத்தவர்களும் அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. நம் தலைவருக்குப் பெருமை தராத பகுதி என்று விட்டுவிட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. வந்தது வந்தபடி அச்சிட்டார்கள். அதனால்தான் ஒரு மாணவர் அதில் பேருந்துச் சீட்டை வைத்து எழுந்து நிற்க முடிந்தது. வாசகர்மீது அவர்கள் வைத்த நம்பிக்கையை, கூட்டத்தை நெறிப்படுத்திய நான் வைக்கவில்லை.

விமர்சனத்தின் அறம் என்று நான் புரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மற்றவரிடம் சான்று கேட்டால் நாமும் சான்று காட்ட வேண்டும். ஊகமாக இருந்தால் ஊகம் என்று சொல்லிவிட வேண்டும். எதிராளியின் வாதத்தை அவர் ஏற்கும்படியாக எடுத்துச் சொல்லிவிட்டுப் பிறகு மறுக்க வேண்டும். அனுபவம் நம்மைத் தவறு என்று காட்டினால், ராஜாவைப் போல, நடந்து மறுபக்கம் போக வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மேலே இருப்பவரை நோக்கி நீட்டிய கேள்வியை நம்மைக் கீழிருந்து நோக்குபவர் கேட்கும்போது உட்கார்ந்து கேட்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் கடினம். பண்டிதரே அதில் தவறியிருக்கிறார் என்றால் நமக்கு அது எளிதாக இருக்கப்போவதில்லை.

அந்தத் தம்பி இந்த அரங்கில் இல்லை. இந்த உரை அச்சில் வருவதால் எங்காவது அவர் கைக்குப் போய்ச் சேரலாம். அவருக்குச் சொல்கிறேன். நீங்கள் படித்தது சரிதான் தம்பி. அந்தப் பக்கம் தவறானது. அதை எழுதியவரிடமிருந்துதான், அவையில் எழுந்து நின்று கேட்பது எப்படி என்று நாம் கற்றுக்கொண்டோம். நீங்கள் அன்று எழுந்து நின்றபோது 1892இல் அவர் நின்ற இடத்தில் நின்றீர்கள். அவருக்குப் பதில் சொன்னவர்களின் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்குவோம்.

ஜெய் பீம்.